கடலுக்கு அப்பால் ஒரு வளைகாப்பு

கடலூர் மாவட்டத்தில் சேத்தியாத்தோப்பை அடுத்துள்ள வளையமாதேவியின் பெயரிலேயே ‘வளை’ இருக்கிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அருகே, வயல்கள் சூழ்ந்த அவ்வூரில் வாழும் ஒரு தாய்க்கு, தம் மகளின் கையில் ஒரே ஒரு வளையலைக்கூட இட முடியாத நிலை 2020-ஆம் ஆண்டில் வந்தது.

மகள் சிங்கப்பூரில் இருந்தாள். தலைச்சன் பிள்ளை. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்து, பிரசவத்தை நெய்வேலியிலேயே பார்த்துக்கொள்வது என்று இரு குடும்பத்தாரும் பேசி வைத்திருந்தனர். ஆனால், அவ்வாண்டு மார்ச் மாதமே பன்னாட்டு விமானங்கள் நின்றுபோயின. ஆனி முழுவதும் ‘இதோ வானம் திறந்துவிடும்’ என்ற நம்பிக்கையிலேயே கழிந்தது. ஆடி பிறந்தது. ‘ஆடியில் வேண்டாமே’ என்று உறவினர் தயங்கினர். ஆவணிக்குத் தள்ளினால் எட்டாம் மாதம் பிறந்துவிடும்.

“அம்பாளுக்கே வளைகாப்பு நடக்கிற நாள் ஒன்று ஆடியில் இருக்கிறதே!” என்று வழி சொன்னவர், மகள் குடியிருந்த அடுக்குமாடியில் அடுத்த வீட்டில் வசித்த முதிய அம்மாள். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி அவர். மலைக்கோட்டைத் தாயுமானவரிடம் ஆழ்ந்த பக்தி உடையவர். அவர் வாக்கையே உத்தரவாகக் கொண்டு, ஜூலை 24, வெள்ளிக்கிழமை, ஆடிப்பூரத்தன்று வளைகாப்பு என்று முடிவாயிற்று.

ஆடிப்பூரம் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் அவதரித்த திருநாள். திருவாரூரில் கமலாம்பாளுக்கும் நாகையில் நீலாயதாட்சிக்கும் பெருவிழா. அம்மன் சந்நிதிகளில் வளையல் அலங்காரம் செய்து, அந்த வளையல்களைப் பெண்களுக்குப் பிரசாதமாகத் தருவது வழக்கம். ஆனால், அந்த ஆண்டு பெரிய ஆலயங்களில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. அர்ச்சகர்கள் மட்டும் நின்று பூஜை செய்ய, மக்கள் வீட்டிலிருந்தே கைகூப்பினர். உலகுக்கெல்லாம் தாயானவளின் வளைகாப்பையே ஊர் தொலைவில் நின்றுதான் கொண்டாடியது.

நேரம் குறிப்பதிலும் ஒரு சிக்கல் எழுந்தது. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. இங்கே எட்டரை மணி என்றால், அங்கே பதினொன்று. வெள்ளிக்கிழமை ராகுகாலம் நடந்துகொண்டிருக்கும். ஆகவே, இங்கு காலை ஏழு, அங்கு ஒன்பதரை என்று இரண்டு ஊருக்கும் பொருந்தும் பொழுதைக் குறித்தனர். ஒரு வீட்டுக்கு ஐந்து விருந்தினருக்கு மேல் வரலாகாது என்பது அந்நாட்டில் அப்போதிருந்த விதி. “ஐந்து சுமங்கலிகள் போதுமே, ஒற்றைப்படைதானே!” என்று அடுத்த வீட்டு அம்மாள் அதையும் மங்கலமாக்கிக்கொண்டார்.

வளையமாதேவித் தாய் மாசியிலேயே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள் வாங்கி வைத்திருந்தார். அஞ்சலில் அனுப்பினால் எப்போது சேரும் என்று சொல்வாரில்லை. அவை பூஜை அறையிலேயே இருந்தன.

அந்தத் தாயின் உள்ளத்தில் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. கணவரை இழந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வளையல் இடுவதும், நலங்கு வைப்பதும், ஆரத்தி எடுப்பதும் சுமங்கலிகளுக்கே உரியவை என்பது அவர் கண்டு வளர்ந்த வழக்கம். மகளின் வளைகாப்பில் தாம் அடுப்படியில் இருந்துகொள்வது என்று அவர் எப்போதோ தீர்மானித்துவிட்டார். விமானம் இல்லை என்றானபோது கண் கலங்கினார். கூடவே, ‘பந்தலில் ஒதுங்கி நிற்க வேண்டிய வேதனையாவது இல்லை’ என்று ஓர் ஆறுதலும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தம்மையே நொந்துகொண்டார்.

ஆடிப்பூரத்தன்று விடியலில் எழுந்து புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என ஐவகை அன்னமும் சமைத்தார். அம்பாள் படத்தின்முன் கலசம் வைத்து, அருகே வளையல்களை அடுக்கினார். எதிரே கைப்பேசியைச் சாய்த்து நிறுத்தினார். திரையில் மகள் தெரிந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கன்னத்தில் சந்தனம். மகள் தெரிந்ததும் தாய் சற்றே நகர்ந்து, தம் முகம் திரையில் விழாதபடி அமர்ந்துகொண்டார்.

அங்கே வேப்பங்கொழுந்தைத் திரித்துக் காப்பாக்கித் தட்டில் வைத்திருந்தனர். முதலில் இட வேண்டியது அதுதான். மகள் கையை நீட்டவில்லை.

“அம்மா எங்கே? அம்மா ஆசீர்வாதம் பண்ணாமல் நான் எதையும் போட்டுக்கொள்ள மாட்டேன்.”

“நான் இங்கேதான் இருக்கிறேன், கண்ணு. பெரியவர்கள் போடட்டும். நான் செய்யக்கூடாதம்மா...”

சிறிது நேரம் இரு வீட்டிலும் பேச்சில்லை. பிறகு அடுத்த வீட்டு அம்மாள் திரையின் அருகே வந்தார்.

“மலைக்கோட்டை சுவாமியை நினைத்துப் பாருங்கள், தங்கச்சி” என்றார்.

திருச்சிராப்பள்ளித் தலபுராணம் அறியாத தமிழ்த் தாய் உண்டோ? அங்கே வணிகர் குலத்துப் பெண் ரத்னாவதிக்குப் பேறுகாலம் நெருங்கியது. பூம்புகாரிலிருந்து புறப்பட்ட தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே தங்க நேர்ந்தது. இக்கரையில் வலியால் துடித்த மகள் இறைவனை அழைத்தாள். ஈசனே அவள் தாயின் உருவில் வந்தார், பிரசவம் பார்த்தார், வெள்ளம் வடியும்வரை உடனிருந்து மருந்தும் உணவும் தந்தார். உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோது, ஒரே உருவில் இருவர் நிற்கக் கண்டு வீடே திகைத்தது. வந்தவர் மறைந்து, அம்மையப்பராகக் காட்சி தந்தார். அன்று முதல் செவ்வந்திநாதர் ‘தாயுமானவர்’ ஆனார்.

“அந்தப் பெண் அழைத்தது தாயை மட்டும்தான். வேறு தகுதி எதையும் அவள் கேட்கவில்லை. சுவாமியும் தாயாக வருவதுதான் பெரிது என்று வந்தார். உங்களுக்கும் எனக்கும் நடுவில் இருப்பது இன்னும் கொஞ்சம் பெரிய காவிரி, அவ்வளவுதான். நீங்கள் அங்கே கலசத்துக்கு இடுங்கள். நான் இங்கே பிள்ளைக்கு இடுகிறேன். கைதான் என்னுடையது, வளையல் உங்களுடையது.”

தாய் திரையின்முன் வந்து அமர்ந்தார். நடுங்கும் விரல்களால் முதல் வளையலை எடுத்துக் கலசத்தின் கழுத்தில் சார்த்தினார். அதே கணத்தில் அங்கே வேப்பிலைக் காப்பு மகளின் மணிக்கட்டில் ஏறியது. பிறகு சிவப்பு, பச்சை, மீண்டும் சிவப்பு. இங்கே ஒன்று, அங்கே ஒன்று. ஆறாம் மாதத்துக்குப் பின் கருவிலுள்ள சிசு ஒலிகளைக் கேட்கத் தொடங்குகிறது என்கிறது மருத்துவம். வளைகாப்பில் கண்ணாடி வளையல்கள் குலுங்குவது அந்தப் பிள்ளைக்காகவும்தான் என்பார்கள் நம் பாட்டிமார். மகள் கைகளை அசைத்துக் காட்டினாள். கடல் கடந்து வந்த அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தாய் வாய்விட்டு அழுதார். நான்கு ஆண்டுகளில் ஒரு மங்கல நிகழ்வில் அவர் முன்வரிசையில் அமர்ந்தது அன்றுதான்.

ஐப்பசியில் சுகப்பிரசவமாயிற்று. பெண் குழந்தை. பேற்றுக்குப் பின் வளையல்களை மருத்துவச்சிக்குத் தருவது பழைய மரபு. மகளைப் பெற்றபோது அவளைக் கையில் ஏந்திய மூதாட்டி வளையமாதேவியில் இன்னும் இருந்தார். கலசத்துக்குச் சார்த்திய வளையல்களைத் தாய் எடுத்துச் சென்று அந்த மூதாட்டியின் மடியில் வைத்தார்.

சுகப்பிரசவமானால் தாயுமானவருக்கு வாழைத்தார் சமர்ப்பிப்பது அடியார்களின் வழக்கம். வானம் திறந்தபின் மகளும் பேத்தியும் வந்தனர். மூவரும் மலைக்கோட்டைப் படி ஏறினர். தார் ஒன்றுதானா என்று கேட்ட பேத்தியின் தந்தையிடம், “இரண்டு” என்றார் தாய். “ஒன்று நம்முடையது. இன்னொன்று, அடுத்த வீட்டு அம்மாள் பெயருக்கு.”

அக்கரையில் நிற்கும் தாய்மார் அனைவருக்கும், இக்கரையில் காத்திருக்கும் மகள்மார் அனைவருக்கும் மட்டுவார்குழலி உடனாய தாயுமானவர் துணையிருப்பாராக!