நிலையானதா, புதியதா?

லினக்ஸ் பக்கம் புதிதாக வருகிறவர்களை முதலில் குழப்புவது, எந்த டிஸ்ட்ரோவை நிறுவுவது என்ற கேள்விதான். டெபியன் ஆட்களைக் கேட்டால் "கல்லு மாதிரி நிற்கும்" என்பார்கள். ஃபெடோரா, ஆர்ச் ஆட்களைக் கேட்டால் "அதெல்லாம் பழைய சரக்கு" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்!

நிலையானது என்றால் வழுவே இல்லாதது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. மாறாதது என்றுதான் பொருள். டெபியன் ஸ்டேபிளில் ஒரு மென்பொருள் எந்தப் பதிப்பில் உறைகிறதோ, பெரும்பாலும் அடுத்த வெளியீடு வரை அதே பதிப்புதான். பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால், திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய பதிப்பில் ஒட்டுகிறார்கள். அலுவலகத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு வேண்டியது இதுதான். நேற்று ஓடியது இன்றும் ஓட வேண்டும்.

ஆனால் காத்திருப்புக்கும் ஓர் அளவு உண்டு. டெபியன் 3.0 வந்தது ஜூலை 2002-இல். அடுத்த 3.1 வந்ததோ ஜூன் 2005-இல். கிட்டத்தட்ட மூன்று வருடம்! இடையில், அக்டோபர் 2004-இல், டெபியனையே அடித்தளமாகக் கொண்டு உபுண்டு வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு என்றார்கள். கூட்டம் அந்தப் பக்கம் போனது. வேடிக்கை என்னவென்றால், இரண்டே வருடத்தில் உபுண்டுவும் நிதானத்துக்கு வரவேண்டியிருந்தது. ஏப்ரல் 2006-க்குத் திட்டமிட்ட வெளியீட்டை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொண்டு ஜூனில், நீண்டகால ஆதரவுப் பதிப்பாகக் கொடுத்தார்கள்.

இந்தச் சண்டைக்கு நல்ல பாடம் மார்ச் 2024-இல் கிடைத்தது. எக்ஸ்-இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்னக் கருவி. இரண்டு வருடத்துக்கு மேல் அதில் வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டுக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். டெபியன் அன்ஸ்டேபிளிலும் ஃபெடோராவின் சோதனைப் பதிப்புகளிலும் அது நுழைந்துவிட்டது. டெபியன் ஸ்டேபிளில் இருந்தது பழைய பதிப்பு, அதனால் தப்பியது.

"பார்த்தீர்களா, பழசுதான் பாதுகாப்பு" என்று சொல்லத் தோன்றும். ஆனால் கண்டுபிடித்தது யார்? ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர். அவர் பயன்படுத்தியது டெபியன் அன்ஸ்டேபிள். எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டினார். எல்லாரும் ஸ்டேபிளிலேயே உட்கார்ந்திருந்தால், அந்தக் கதவு அடுத்த ஸ்டேபிளுக்குள் சத்தமில்லாமல் போய் உறைந்திருக்கும். பிறகு எத்தனை வருடம் அது அங்கேயே கிடந்திருக்குமோ!

ஆக, இது போட்டியே இல்லை. புதியதை ஓட்டுகிறவர்கள் அடிபட்டு வழுக்களைச் சொல்கிறார்கள். வேறு சிலர் உட்கார்ந்து திருத்தங்களைப் பழையதில் ஒட்டுகிறார்கள். இந்த இரண்டு உழைப்பும் சேர்ந்துதான் "கல்லு மாதிரி" நிற்கிறது. இறக்கிக்கொள்ளக் காசு வாங்குவதில்லை என்பதால் செலவே இல்லை என்றாகிவிடாது. யாரோ ஒருவருடைய நேரம் அதில் போயிருக்கிறது.

வேலை நடக்கும் கணினியில் நிலையானதே இருக்கட்டும். சும்மா கிடக்கும் பழைய கணினி ஒன்று இருந்தால், அதில் சோதனைப் பதிப்பை ஏற்றி, கண்ணில் படும் வழுவை எழுதி அனுப்பலாமே. அடுத்த ஸ்டேபிளுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.