கல்வராயன் மலையில் ஒரு படக்கருவி

முதல், கரு, உரி எனத் திணைக்கு மூன்று பொருள்களை வகுத்தனர் நம் முன்னோர். நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவு, மரம், விலங்கு, பறை முதலியன கருப்பொருள். மாந்தர்தம் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். ஆண்டுதோறும் இதனைப் பாடம் சொல்லிவரும் யாம், ஒரு படக்கருவியை வாங்கலாமா, வேண்டாமா என்னும் வழக்கிலும் இம்மூன்றே தீர்ப்புக் கூறும் என்று முன்னர் எண்ணியதில்லை.

எம் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர், கல்வராயன் மலைப் பாடல்களைத் தொகுத்துக் காக்க வேண்டுமென்று ஒன்றரை இலட்சம் ரூபாய் அளித்தார். அச்செய்தி கேட்ட நாள்முதல், இளங்கலை மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் எம்மை விடாது வற்புறுத்தலானார். "ஐயா, கைப்பேசியில் எடுத்தால் யாரும் மதிக்கமாட்டார்கள், சினிமா கேமராவே வாங்கிவிடலாம்" என்பது அவர்தம் வேண்டுகோள். அவர் சுட்டியது, ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் 2018ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய பாக்கெட் சினிமா கேமரா 4கே. அறிமுக விலை 1,295 டாலர். திரைப்படக் கருவிகளின் விலையை அறிந்தோர்க்கு இது வியப்பூட்டும் மலிவு.

மலிவான கருவியால் நல்ல படம் அமையாது என்று எவரும் சொல்லிவிட முடியாது. 2012இல் வெளிவந்த பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9', கேனன் 7டி என்னும் நிழற்படக் கருவியைக் கொண்டு எடுக்கப்பெற்றதே. சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதையும் அது பெற்றது. ஆகவே மாணவரின் கோரிக்கையைப் புறந்தள்ள எமக்கு மனம் வரவில்லை. வாங்குமுன் மூன்று நாள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்போம் என முடிவு செய்தோம்.

கள்ளக்குறிச்சி எம் சொந்த ஊர். 2019 நவம்பரில் அது தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையைப் பின்விட்டு, கரியாலூர் வழியே வெள்ளிமலைக்கு ஏறும் பாதை எமக்குப் புதிதன்று. எம் அத்தா இளமையில் துணி மூட்டை சுமந்து மலையூர்களில் வணிகம் செய்தவர். 1976 வரை ஜாகிர்தாரர்களின் ஆளுகையில் இருந்த மலை அது. அக்காலத்து நிகழ்ச்சிகளை அத்தா கதைகதையாய்ச் சொல்வார். அவர் படம் எடுத்துக்கொள்ள விரும்பாதவர். ஹஜ் பயணத்திற்காகக் கடவுச்சீட்டுக்கு எடுத்த படம் ஒன்றே எம்மிடம் உள்ளது. அவர் குரல் எங்கும் பதிவாகவில்லை.

வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரில், எண்பதை நெருங்கிய மூதாட்டி ஒருவர் பாட இசைந்தார். மலையாளி எனப்படும் அம்மலைக்குடியினர், விதைப்பு முதல் இறப்பு வரை பாட்டோடு வாழ்ந்தவர்கள். முதல் நாள் அக்கருவியின் பெருமையைக் கண்டோம். சாமைக் கதிர் சாய்ந்த சரிவு, மேகம் தழுவிய முகடு, வெயிலில் வெளிறிய வானம், திண்ணையின் நிழலில் அமர்ந்த முகம் ஆகிய அனைத்தும் ஒரே சட்டகத்துள் கெடாமல் நின்றன. பேரொளிக்கும் ஆழ்நிழலுக்கும் இடையே பதின்மூன்று படிகளைத் தாங்கவல்லது அது என்பர். அதன் ஒளியுணர்திறனுக்கு 400, 3,200 என இரண்டு இயல்நிலைகள் உள்ளமையால், அந்திக்குப்பின் அடுப்பொளியிலும் முகச்சுருக்கம் துலங்கிற்று. வண்ணம் திருத்தும் டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் முழு உரிமமும் கருவியுடனேயே வருகிறது. முதற்பொருளும் கருப்பொருளும் இத்துணை அழகுறப் பதிவாகக் கண்டு, வாங்கிவிடலாம் என்றே எம் நெஞ்சு சாய்ந்தது.

இரண்டாம் நாள் மறுபக்கம் தெரிந்தது. அதன் உணரி, திரைப்படத்திற்கு வழக்கமான 35 மில்லிமீட்டர் சட்டகத்தினும் சிறிது. ஒடுங்கிய குடிலுக்குள் முழுக்காட்சியை அடக்க அகன்ற கோணவில்லை தனியே வேண்டும். நகரும் முகத்தைத் தானே தொடர்ந்து குவியப்படுத்தும் ஆற்றலும், கைநடுக்கத்தை அடக்கும் அமைப்பும் அதன் உடலில் இல்லை. உச்ச வெயிலைத் தணிக்கும் வடிகண்ணாடியும் வெளியிலிருந்து பொருத்தப்பட வேண்டியதே. மூலத்தரத்தில் குறைந்த சுருக்கத்தோடு பதிந்தால் 256 ஜிகாபைட் அட்டை அரைமணியில் நிறைகிறது. மிகுந்த சுருக்கத்தில் இரண்டு மணி நேரம் தாங்கும். மின்கலம் ஒன்று, ஒரு மணி நேரத்தை எட்டுவதே அரிது. கருவியின் விலை மலிவு. அதன் சுற்றம் பெரிது. வில்லை, முக்காலி, மின்கலங்கள், நினைவு வட்டு, ஒலிவாங்கி என்று கூட்டிப் பார்த்தபோது எம் ஒன்றரை இலட்சம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

அன்றிரவு மூதாட்டி, இளமையில் இறந்த தம் தமக்கைக்காக ஒப்பாரி தொடங்கினார். நான்காம் அடியிலேயே திரை இருண்டது. குற்றம் கருவியுடையதன்று, மாற்று மின்கலங்களை ஜீப்பிலேயே விட்டுவந்த எம்முடையது. மாணவர் இருளில் ஓடினார். யாம் செய்வதறியாது சட்டைப்பையிலிருந்த கைப்பேசியில் ஒலிப்பதிவை முடுக்கி, அவர் அருகே வைத்தோம். மாணவர் மீண்டபோது பாட்டு முடிந்திருந்தது. "பாட்டி, இன்னொரு தடவை பாடுங்களேன்" என்று கெஞ்சினார்.

"அழுததையே திருப்பி அழச் சொல்றியே தம்பி, முடியுமா?" என்றார் மூதாட்டி. மாணவர் தலைகுனிந்தார்; யாமுந்தான்.

பின்னர் எம் ஊரை விசாரித்தார். கள்ளக்குறிச்சி என்றதும் சிரித்து, "சின்ன வயசுல அங்கேருந்து துணிக்கார பாய் வருவாரு" என்று சொல்லி, அவர் தெருமுனையில் நின்று கூவும் ஓசையை அப்படியே இழுத்துக் கூவிக் காட்டினார். அந்நாளில் மலையேறிய துணி வணிகர் பலர். அது எம் அத்தாவின் கூவலோ, பிறருடையதோ! ஆயினும் ஒரு கணம் எம் உடல் சிலிர்த்தது. கைப்பேசி அதையும் பதிந்துகொண்டிருந்தது.

திங்கள் ஒன்று கழித்துப் பதிவுகளோடு மீண்டும் மலையேறினோம். கருவியின் மூலக்கோப்புகள் அவ்வூரில் எவர் கையிலும் திறக்கவில்லை. மூதாட்டியின் பெயர்த்தி கேட்டது நாய்க்குரைப்போடு கூடிய அந்த ஒலிப்பதிவையே. "ஆயா அழுவுறது எங்க வேணாலும் கேக்குற மாதிரி குடுங்க சார்" என்றாள். உடனே அவள் கைப்பேசிக்கு அனுப்பினோம்.

எனவே துறைக்கூட்டத்தில் எம் கருத்தை இவ்வாறு வைத்தோம். நல்ல ஒலிப்பதிவுக் கருவி ஒன்று, சட்டையில் பொருத்தும் ஒலிவாங்கி இரண்டு, உறுதியான முக்காலி, நினைவு வட்டு இரண்டு ஆகியன முதலில் வாங்கப்பெறுக. ஒரு வட்டு கல்லூரியிலும் மற்றொன்று வேறிடத்திலும் இருத்தல் நன்று. எளிதில் திறக்கும் படி ஒன்று பாடியவர் வீட்டுக்குச் சேர்தல் வேண்டும். திரைக் கேமரா தேவைப்படும் நாளில் வாடகைக்குக் கொள்க. கதை எழுதி, ஒளியமைத்து, நடிப்போரை மறுபடியும் நடிக்கச் செய்யும் குறும்படத்திற்கு அக்கருவி மிகவும் ஏற்றது. அதனினும் நல்லதை அவ்விலையில் தேடுதல் கடினம். மறுமுறை வாராத பாட்டுக்கோ, விழித்திருக்கும் கருவியே தேவை.

மாணவர் முதலில் வாடினார். பின்னர் ஒலிவாங்கிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தாமே கேட்டு ஏற்றார். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கு 2021இல் புவிசார் குறியீடு கிட்டியது. அச்சிற்பிகளின் பட்டறையில் உளிகள் வரிசையாய்க் கிடக்கும். எந்த வேலைக்கு எது என்பதைச் சிற்பியின் கை அறியும். அவ்வறிவையே யாமும் அம்மலையில் சற்றுக் காலந்தாழ்த்திக் கற்றோம்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டிலும் ஒரு முதியவர் இருப்பார். நல்ல கருவி வரட்டும் என்று காத்திராதீர்கள். இன்றிரவே அவர் அருகில் அமர்ந்து, இசைவு கேட்டு, கையிலுள்ளதைக் கொண்டு அவர் பேச்சைப் பதிந்து வையுங்கள். அத்தாவிடம் யாம் அதைச் செய்யத் தவறினோம்.