டிக்கியில் எதுக்கு இடம்?

காரைக்கால் வண்டி, டிக்கின்னு ஒரே வரியில் சொன்னாலே வெளியூர் நண்பர்கள் சிரிக்கிறாங்க. அந்த டிக்கி இல்லை மக்களே! இது பாட்டு சம்பந்தப்பட்ட டிக்கி. கொஞ்சம் நீளமான த்ரெட். கார்ல சவுண்ட் மாத்தணும்னு யோசிக்கிறவங்களும், வீட்டில் காது மந்தமான பெரியவங்க இருக்கிறவங்களும் பொறுமையா படிங்க.

1. எங்க அப்பாவுக்கு 78 வயசு. நாதஸ்வரப் பைத்தியம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசிப்புன்னா சோறு தண்ணி வேண்டாம். பக்கவாதம் வந்ததிலிருந்து சக்கர நாற்காலி. மாசம் ஒருமுறை தஞ்சாவூருக்குச் செக்கப். திருநள்ளாறு, அம்பகரத்தூர் தாண்டிப் போய்ச் சேர ஏறக்குறைய மூணு மணி நேரம். அந்த மூணு மணி நேரமும் அவருக்குக் கச்சேரிதான்.

2. கொஞ்ச நாளாவே "சத்தத்தைக் கூட்டுப்பா, தவில் காதுலயே விழல"ன்னார். நானும் ஒரு கடைக்குப் போய் 12 இன்ச் வூஃபரை மரப்பெட்டியோட டிக்கியில் வச்சுட்டு வந்தேன். வீட்டு வாசல்ல போட்டா ஜன்னல் கண்ணாடி அதிருது. எனக்கு ஒரே பெருமை.

3. அடுத்த வாரம் செக்கப். நாற்காலியை மடிச்சு டிக்கியில் வச்சா மூட முடியல. குறுக்கே, நெடுக்கே, சாய்ச்சு எல்லாம் பார்த்தாச்சு. "அங்கே போய் ஒண்ணு வாங்கிக்கலாம்"னு வீட்டிலேயே விட்டுட்டுப் போனேன். அன்னிக்குப் பார்த்து அங்கே கூட்டம். ஒரு நாற்காலி காலியாக முக்கால் மணி நேரம் ஆச்சு. அதுவரை அப்பா வெயில்ல, கார் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை திட்டல. டிக்கியை மட்டும் திரும்பிப் பார்த்தார். டாக்டருக்குப் படிச்சவன் செஞ்ச வேலை இது.

4. ஏன் பெட்டி அவ்வளவு பெருசா இருக்கு? ஆழமான பாஸ், சின்னப் பெட்டி, குறைஞ்ச பவரில் அதிகச் சத்தம். இந்த மூணும் ஒண்ணா கிடைக்காது, ஒண்ணை விட்டுக்கொடுத்தே ஆகணும். ஒலித்துறையில் இதை ஹாஃப்மனின் இரும்பு விதிம்பாங்க. 12 இன்ச்சுக்குப் பெட்டியின் உள் அளவே 30, 35 லிட்டர் வேணும். துளை வச்ச பெட்டின்னா 50 லிட்டரைத் தாண்டும். மரத்தோட கனம் தனி. சின்ன ஹேட்ச்பேக் டிக்கி மொத்தமே சுமார் 250 லிட்டர். ஆனா பிரச்சினை லிட்டர் மட்டும் இல்லை, வடிவம். நடுவுல ஒரு பெட்டி நின்னா மிச்ச இடம் பையைத் திணிக்கத்தான் ஆகும், நாற்காலிக்கு ஆகாது.

5. சரி, இப்போ காது. காதுக்குள்ள நத்தைக்கூடு மாதிரி காக்ளியா. அதில் மெல்லிய முடிச்செல்கள். வயசாகும்போது முதல்ல அடிபடுறது உயர்ந்த சுருதியைப் பிடிக்கிற செல்கள். தாழ்ந்த சத்தம் பல வருஷம் தாக்குப்பிடிக்கும். "பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னு புரியல"ன்னு பெரியவங்க சொல்றது இதனாலதான். ச, ஸ மாதிரி எழுத்துகள்தான் முதல்ல நழுவும்.

6. இப்போ அப்பா சொன்னதை யோசிங்க. தவிலோட இடது பக்கத்தைக் குச்சியால அடிக்கிறாங்க, அது தாழ்ந்த நாதம். வலது பக்கம் விரல்ல கூடு மாட்டி வாசிக்கிறது, 'கணீர்'னு வரும். அப்பாவுக்குக் காணாமப் போனது அந்தக் கணீர். நான் கொண்டுவந்து வச்சது 'தொம் தொம்'. அதுவும் போதாதுன்னு, பலமான பாஸ் அதுக்கு மேல இருக்கிற மெல்லிய சத்தங்களை மூடிடும். இல்லாத வியாதிக்கு மருந்து கொடுத்துட்டேன்.

7. அதனால முதல் வேலை ஆடியோகிராம். எதிர்பார்த்த மாதிரியே உயர் அதிர்வெண்ல சரிவு. காது மெஷின் வாங்கினோம். முதல் ரெண்டு வாரம் "கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு"ன்னு கழட்டி வச்சார். விடல. பழகிட்டார்.

8. ரெண்டாவது வேலை, மரப்பெட்டியைக் கழட்டினது. இப்போ இருக்கிறது இதுதான்:
– முன்கதவில் நல்ல 6.5 இன்ச் காம்பொனென்ட் செட். ட்வீட்டர் தனியா, காது உயரத்துக்குக் கிட்ட.
– கதவுத் தகட்டுக்குள்ள டேம்பிங் ஷீட். தகடு அதிராது, பாஸ் இறுக்கமா வரும், கதவுச் சத்தமும் குறையும். காசு குறைவா இருந்தா முதல்ல இதைச் செய்யுங்க.
– முன்சீட்டுக்கு அடியில ஆம்ப்போட சேர்ந்த 8 இன்ச் தட்டை வூஃபர். அரைச் சாண் உயரம்கூட இல்லை.

9. சீட்டுக்கு அடியில வச்சா பாஸ் வருமா? வரும். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருதுன்னு காதுக்குச் சரியா தெரியாது. அதனால வூஃபர் பின்னாடிதான் இருக்கணும்னு இல்லை. சின்ன மூடின கேபினும் ஆழமான பாஸைத் தானாவே தூக்கிக் கொடுக்கும். 12 இன்ச் மாதிரி நெஞ்சில குத்தாது, ஒத்துக்கிறேன்.

10. நம்ம ஊருக்குன்னு சில எச்சரிக்கை:
– ஸ்டெப்னி குழியில் பொருந்துற வூஃபரும் இருக்கு. ஆனா ஐப்பசி, கார்த்திகை மழையில் முதல்ல தண்ணி தேங்குற இடம் அந்தக் குழிதான்.
– கடல் காத்து, உப்பு. ஒயர் முனைகளைத் திறந்து விட்டா பச்சை பூத்துடும்.
– பேட்டரியிலிருந்து வர்ற பவர் ஒயருக்கு, பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் போடச் சொல்லுங்க. இல்லாட்டி ஒயர் உரசினா தீ.
– சீட்டுக்கு அடியில மஞ்சள் கனெக்டர் இருந்தா கை வைக்க விடாதீங்க. அது பெரும்பாலும் ஏர்பேக், சீட்பெல்ட் சமாச்சாரம்.

11. கடைசியா டாக்டரா ஒரு கணக்கு. 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் பாதுகாப்பு எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. 100-க்கு வெறும் 15 நிமிஷம். காரை விட்டு இறங்கினதும் காதுல 'கொய்ங்'னு கேட்டா அது அலாரம். செத்த முடிச்செல் திரும்ப முளைக்காது. ஆம்புலன்ஸ் சைரன் கேக்காத அளவுக்கு வச்சிருந்தா, அது உங்க காது மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமும் இல்லை.

12. போன மாசம் செக்கப்புக்குக் கிளம்பினோம். நாற்காலி டிக்கியில் படுத்துக்கிச்சு, பக்கத்தில மருந்துப் பை, சாப்பாட்டுக் கூடை, குடை. அம்பகரத்தூர் தாண்டினதும் தோடி போட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிட்டிருந்த அப்பா கையை நீட்டி, அவரே சத்தத்தைக் குறைச்சார்.

"ஏம்ப்பா, கேக்கலையா?"ன்னேன்.

"கேக்குதுடா, அதான் குறைச்சேன்"னார்.

உங்க வீட்டுப் பெரியவங்க டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போனா சண்டை போடாதீங்க. ஒரு தடவை காது டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஸ்பீக்கர் அப்புறம் வாங்கிக்கலாம். வாங்கும்போது டிக்கியை ஒருமுறை அளந்துக்குங்க.