மூணாவது மாசச் சம்பளம்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில், "இங்கே டீக்கடைக்காரர் கூட நாவலைப் பற்றி அபிப்ராயம் சொல்வார், ஜாக்கிரதை" என்று ஆபீஸில் ஒரு சீனியர் பயமுறுத்தினார். பாதியாவது உண்மைதாங்க. இந்த ஊர் புத்தகக் கண்காட்சி நம்மூர் தேர்த் திருவிழா மாதிரி. முன்னே மைதானத்தில் நடந்தது, நடுவில் இடம் மாறியது, 2018லிருந்து சால்ட் லேக் சென்ட்ரல் பார்க்கில் நடக்கிறது. மீன் வறுவல் கடையில் நிற்கும் கூட்டத்தையும் சேர்த்துத்தான் வாசகர் கணக்கு சொல்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நானும் வருஷா வருஷம் பை நிறைய வாங்கி வருவேன். "இதையெல்லாம் வைக்க இன்னொரு ஃப்ளாட் பார்க்கணும்" என்பாள் தங்கமணி.

பெங்காலி எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் படிப்பதெல்லாம் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில்தான்.

கொல்கத்தாவைப் பற்றிக் கடல் கடந்து உட்கார்ந்து எழுதும் நாவல்கள் எனக்கு ஓரளவுக்கு மேல் ஒட்டுவதில்லை. ஜும்பா லாஹிரியின் 'தி லோலேண்ட்' 2013இல் வந்தது, புக்கர் இறுதிப் பட்டியல் வரை போனது. டோலிகஞ்சில் வளரும் அண்ணன் தம்பி. தம்பி நக்சல் இயக்கத்தில் சேர்கிறான், அண்ணன் அமெரிக்கா போகிறான். நல்ல எழுத்து, மறுப்பதற்கில்லை. ஆனால் அரிசி என்ன விலை என்ற கவலை அதில் எங்கேயும் எனக்குத் தட்டுப்படவில்லை. (லாஹிரி ரசிகர்கள் மன்னிக்க.)

அதே நக்சல் காலத்தை மனோரஞ்சன் ப்யாபாரி எழுதினால் வேறு மாதிரி இருக்கிறது. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்த நாமசூத்திரக் குடும்பம். சின்ன வயதில் பள்ளிக்கூடம் கிடையாது. ஜெயிலுக்குப் போன இடத்தில்தான் எழுத்துப் படித்தார். பிறகு ஜாதவ்பூர் பக்கம் சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தார். ஒருநாள் வண்டியில் டீச்சர் மாதிரி தெரிந்த ஒரு அம்மா ஏறினார். படித்த புத்தகத்தில் புரியாமல் போன 'ஜிஜீபிஷா' என்ற வார்த்தைக்கு அவரிடம் அர்த்தம் கேட்டார் ப்யாபாரி. 'உயிர் வாழும் ஆசை' என்று பதில் வந்தது. ரிக்‌ஷாக்காரருக்கு இந்த வார்த்தை எங்கே கிடைத்தது என்று ஆச்சரியப்பட்டு, 'என் பத்திரிகைக்கு எழுதிக் கொடு' என்று கேட்டவர் மகாஸ்வேதா தேவி! இதை சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம். அவருடைய சுயசரிதையின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 2018இல் வந்தது. 2021இல் பாலாகர் தொகுதியில் நின்று எம்.எல்.ஏ.வும் ஆனார்.

எனக்குப் பிடித்தது கதையின் திருப்பம் இல்லை, கணக்கு. எத்தனை மணி நேர வேலை, எவ்வளவு கூலி, யார் கொடுக்காமல் ஏமாற்றினார்கள் என்பதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. பேபி ஹால்தரின் 'ஆலோ ஆந்தாரி'யும் அந்த வகை. வங்காளத்தில் வளர்ந்து, பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கல்யாணம் ஆகி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டெல்லிப் பக்கம் போய் வீட்டு வேலை பார்த்தவர். குர்கானில் வேலைக்குச் சேர்ந்த வீட்டுப் பெரியவர், பேராசிரியர் பிரபோத் குமார் (பிரேம்சந்தின் பேரன்), நோட்டும் பேனாவும் கொடுத்து எழுதச் சொன்னார். இங்கிலீஷில் 2006இல் வந்தது. 1992இல் பாமாவின் 'கருக்கு' படித்தவர்களுக்கு அந்தக் குரல் புதுசாக இருக்காது.

இந்த இரண்டு புத்தகத்தையும் நான் படித்தது 2020 ஊரடங்கில். இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டு வேலைக்கு வரும் மாசி கேனிங் பக்கத்துக்காரர். விடிகாலை லோக்கல் பிடித்து டாக்குரியாவில் இறங்கி ஐந்து வீடு பார்ப்பார். என்னை 'தாதா' என்பார். (அண்ணன் என்று அர்த்தம், நம்ம சினிமா தாதா இல்லை!) மார்ச்சில் லோக்கல் ரயில் நின்றது. மே 20ஆம் தேதி ஆம்பன் புயல் வந்து அவர் வீட்டுக் கூரையைக் கொண்டுபோனது. ஏப்ரல், மே சம்பளத்தை ஒழுங்காக அனுப்பினேன். ஜூனில் எங்கள் ஆபீஸிலும் சம்பளப் பிடித்தம் என்று பேச்சு அடிபட, நிறுத்திவிட்டேன். மாசி போன் பண்ணிக் கேட்கவில்லை. நானும் பண்ணவில்லை. மொட்டை மாடியில் உட்கார்ந்து ப்யாபாரியைப் படித்து, கண் கலங்கி, நண்பர்களுக்கெல்லாம் சிபாரிசு செய்துகொண்டிருந்தேன்.

நவம்பர் 11ஆம் தேதி ரயில் மறுபடி ஓடியது. மறுநாளே மாசி வந்துவிட்டார், நன்றாக இளைத்துப்போய். வீடு பெருக்கும்போது மேஜையில் கிடந்த பேபி ஹால்தரைத் தூக்கிப் பார்த்து, "இது யார், தாதா?" என்றார்.

"உங்களை மாதிரி வீட்டு வேலை செஞ்சவங்க. அவங்க எழுதினதுதான் இது."

"வேலை பார்த்த வீட்டைப் பத்தியெல்லாம் எழுதியிருக்காளா?"

"ஆமா. நல்ல வீடு, கெட்ட வீடு ரெண்டையும்."

"ஓ" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தின் தூசியை முந்தானையால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். பாத்திரம் கழுவப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜூனிலிருந்து அக்டோபர் வரை ஐந்து மாசச் சம்பளத்தை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று ஒத்திகை கூடப் பார்த்து வைத்திருந்தேன். மாசி அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, எச்சில் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒரு மாசப் பணத்தைத் தனியாக எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஜூன் மாசத்துக்கு பௌதி அப்பவே என் பையன் அக்கவுண்ட்ல போட்டுட்டாங்க, தாதா. நாலு மாசம்தான் பாக்கி."

தங்கமணி என்னிடம் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. ஏன் சொல்லவில்லை என்று ராத்திரி கேட்டேன்.

"நீங்கதான் புஸ்தகம் படிச்சிட்டிருந்தீங்களே" என்றாள்.