ஏ-35 வீதியில் தடுப்பூசிப் பெட்டியுடன்

பரந்தன் சந்தியிலிருந்து கிழக்கே முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ-35 வீதியை எமது வாசகிகளில் பலர் நடந்தே அறிந்திருப்பார்கள். முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஊர்களை வரிசை மாறாமல் சொல்லக்கூடியவர்கள் நாங்கள். 2009 இல் அவை ஒவ்வொன்றும் சில நாள் தங்கல்கள். 2021 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அதே வீதியால் நான் தினமும் வேலைக்குப் போய்வந்தேன். கொரோனாத் தடுப்பூசி போடும் குழுவில் இணைக்கப்பட்ட தாதியரில் நானும் ஒருத்தி.

இப்போது அது நல்ல தார் வீதி. முரசுமோட்டையில் இருபுறமும் வயல். அதைத் தாண்டினால் பனையும் பற்றையும், இடையிடையே வீட்டுத்திட்ட வீடுகளும். அந்த நாட்களில் பயணக் கட்டுப்பாடு இருந்தபடியால் கடைகள் பூட்டியிருந்தன. மே மாதத்தில் புதுக்குடியிருப்பில் ஆடைத் தொழிற்சாலை ஊழியர்களிடையே தொற்றுப் பரவி, அந்தப் பகுதியே முடக்கப்பட்டிருந்தது. வேலைக்குப் போன பெண் பிள்ளைகளின் சம்பளத்தில் ஓடிய வீடுகள் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

எங்கள் நாள் குளிர்ப்பெட்டியுடன் தொடங்கும். வன்னியில் போடப்பட்டது பெரும்பாலும் சினோபாம். அதை 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். வெயிலில் கெட்டுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெட்டுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. ஆதலால் ஐஸ் பொதியை எடுத்தவுடன் பெட்டிக்குள் வைப்பதில்லை. வெளியே வைத்து, அது வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்கும்வரை பொறுத்திருப்போம். அவசரப்படுத்தும் சாரதிக்கு இது விளங்காது. பிறகு பாடசாலை மண்டபம், நீண்ட வரிசை, பதிவு, இரத்த அழுத்தம், அரை மில்லிலீற்றர் மருந்து, அரை மணித்தியாலம் இருந்து பார்த்தல், அட்டை. ஒரு நாளில் எத்தனை பேர் என்பதை மாலையில் கை உளைவு சொல்லும்.

"எந்தக் கையில போட?" என்று கேட்பது வழக்கம். வலக்கைக்காரருக்கு இடது மேற்கை என்பதே பொது நடைமுறை. மற்ற ஊர்களில் அது ஒரு நொடிக் கேள்வி. இங்கே ஒரு அக்கா சட்டைக் கையைச் சுருட்டியபடி, "இதில பீஸ் இருக்குது தங்கச்சி, மற்றக் கையில போடுங்கோ" என்றார். சின்ன வயதில் போட்ட பீ.சீ.ஜி. ஊசியின் வட்டத் தழும்பு. அதற்கு இரண்டு விரல் கீழே, கருநீலமாகத் தோலுக்குள் ஒரு துண்டு. "ஊசி போனா அது அசையுமோ?" என்பது அவருடைய பயம். அசையாது என்று சொல்லி வலது கையில் போட்டேன். அதன் பிறகு நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "கையில காயம் ஏதும் இருக்கோ?" என்று முதலில் கேட்பேன். பலர் "ஓம்" என்றார்கள். இரண்டு கையும் சிதைந்த ஒரு பிள்ளைக்குத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட்டோம். அதுவும் ஏற்ற இடந்தான். மறைப்புக்கு வகுப்பறை மேசைகளை அடுக்கிச் சேலையொன்றைக் கட்டினோம்.

படிவத்தில் ஒவ்வாமைக்கு இடம் இருந்தது, காய்ச்சலுக்கு இருந்தது, கர்ப்பத்துக்கு இருந்தது. உடம்பில் இருக்கும் இரும்புக்கு இடமில்லை. எங்கள் பகுதிப் படிவங்களில் அந்த ஒரு வரியைச் சேர்ப்பது பெரிய செலவல்ல என்பது என் அபிப்பிராயம். பீஸ் உள்ள சகோதரிகள், எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு அனுப்பப்பட்டால் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்தக் காந்தப் புலம் உலோகத்தை அசைக்கக்கூடும்.

இன்னொரு தயக்கம் எழுத்தில் இருந்தது. பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம அலுவலர் பிரிவு என்று கேட்கத் தொடங்கினால் சில அம்மாமார் வரிசையை விட்டு விலகுவார்கள். எத்தனை பதிவு, எத்தனை விசாரணை, எத்தனை தரம் அதே பெயரை எழுதிக் கொடுத்தவர்கள்! அவர்களைப் படிப்பறிவில்லாதவர்கள் என்று ஏசுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஊசிக்கு இந்த மக்கள் எதிரிகளும் அல்லர். யுத்தம் நடந்தபோதே, 1995 முதல், போலியோச் சொட்டு மருந்து நாட்களில் யுனிசெப்பின் முயற்சியால் சண்டை நிறுத்தப்பட்டதுண்டு. தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மருந்தைக் கொண்டுவருபவர் யார் என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். அதனால் குடும்பநல உத்தியோகத்தர் வாசலில் நின்றால் வரிசை தானாக நீண்டது.

நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போனோம். முள்ளிவாய்க்கால் பக்கம், நந்திக்கடலுக்குக் கிட்ட, தனியே இருந்த ஓர் அம்மா வேண்டாம் என்றார்.

"எனக்கு எழுபத்தெட்டு வயசு. இனி என்னத்துக்குப் பிள்ளை?"

குடும்பநல உத்தியோகத்தர் அவரை முன்பே அறிந்தவர். அவசரப்படாமல் திண்ணையில் இருந்து, மற்றக் கதைகளைக் கதைத்தார். மெல்ல மெல்ல விசயம் வெளியே வந்தது. அம்மாவுக்கு ஊசியில் பயமில்லை. காய்ச்சல் வந்தால் இரவில் தண்ணீர் தர ஒருவரும் இல்லை என்பதே பயம். கூலி வேலைக்குப் போகும் பெண்கள் பலரும் இதையே வேறு விதமாகச் சொன்னார்கள், "நான் படுத்தால் ஆர் சமைக்கிறது?" என்று. அதற்கு விஞ்ஞான விளக்கம் பயன்படாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அன்றிரவு வந்து படுப்பதாக ஒப்புக்கொண்டாள். நாங்கள் பனடோல் கொடுத்தோம்.

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அவன் வரேக்க நான் இருக்கவேணும்தானே" என்று கையை நீட்டினார். யார் என்று நான் கேட்கவில்லை. சுவரில் படம் இருந்தது.

அட்டையை எழுதிக் கொடுத்தபோது, உள்ளேயிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்துவந்தார். குடும்ப அட்டை, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தின் பிரதி, ஆணைக்குழுவுக்குக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, மடித்து மடித்துக் கிழிந்த வேறு பல. அவற்றின் மேல் இந்த அட்டையையும் வைத்து முடிச்சுப் போட்டார்.

நாலு கிழமை கழித்து இரண்டாவது ஊசிக்குப் போனபோது அம்மா படலையடியில் நின்றார். காய்ச்சல் வரவே இல்லையாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் இரவில் அங்கேதான் படுக்கிறாள் என்றும் சொன்னார். எங்களுக்கு அன்று இன்னும் பதினொரு வீடுகள் இருந்தன. பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. தேத்தண்ணி குடிக்காமல் போகக்கூடாது என்று அவர் மறித்துக்கொண்டார்.