பக்கெட்டுக்குள் ஒரு பில்டர்

"புளியறைக்காரனுக்கும் கடலுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. வயலையும் மலையையும் பார்த்து வளர்ந்தவன்தான் நான். ஆனால் செங்கோட்டையில் ரயிலேறி மலையைத் தாண்டினால் கொல்லம். அங்கே அஷ்டமுடிக் காயல் கரையில் என் பெரியம்மா வீடு. பெரியப்பாவுக்கு மட்டி அள்ளும் தொழில். அந்த ஊரில் அதைக் 'கக்கா' என்பார்கள்.

போன லீவில் ஒரு வேடிக்கை பார்த்தேன். ராத்திரி இரண்டு பக்கெட்டில் கலங்கலான காயல் தண்ணீர். ஒன்றில் மட்டும் மட்டி. விடிந்து பார்த்தால் மட்டி கிடந்த பக்கெட்டில் அடி தெரிகிறது. மற்றது அப்படியே கலங்கல்!

"யாரு பெரியப்பா வடிகட்டினது?"

"அதுகதாம்ல!" என்று சிரித்தார்.

நம் ஒர்க்‌ஷாப்பில் கூலண்டை வடிகட்ட மோட்டார், பம்ப், பில்டர் எல்லாம் வேண்டும். மட்டிக்குச் செவுளே போதும். அதிலுள்ள நுண்ணிய இழைகள் அசைந்து தண்ணீரை உள்ளே இழுக்கின்றன. நீரில் மிதக்கும் பிளாங்டன் என்ற நுண்ணுயிர்கள் அதில் சிக்கி உணவாகின்றன. மட்டி வெளிவிடும் அம்மோனியா, மறுபடியும் பிளாங்டன் பாசிக்கே உரம். ஆழம் குறைந்த, மேல்தண்ணீரும் கீழ்த்தண்ணீரும் நன்றாகக் கலக்கிற இடத்தில், சேற்றில் கிடக்கும் மட்டிதான் மேலே எவ்வளவு பாசி இருக்கலாம் என்று தீர்மானிக்கிறது!

ஆனால் எதற்கும் அளவு உண்டு. 1986-ல் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஆசிய மட்டி ஒன்று புதிதாக வந்து பெருகியது. அதன் வடபகுதியில் கோடைதோறும் செழிக்கும் பாசி காணாமல் போயிற்று. அதைத் தின்று வாழ்ந்த உயிர்களும் குறைந்தன. செசபீக் விரிகுடாவில் கதை நேர்மாறு. அங்கே சிப்பிகளை அள்ளியே தீர்த்தார்கள். முன்பு சில நாட்களில் வடிகட்டிய தண்ணீரை, மிச்சமுள்ள சிப்பிகள் வடிகட்ட ஏறக்குறைய ஒரு வருடமாகும் என்று 1988-ல் கணக்கிட்டார்கள்.

அஷ்டமுடியில் இனப்பெருக்க காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டி அள்ளத் தடை உண்டு. அளவறிந்து அள்ளுகிறார்கள் என்று 2014-ல் சர்வதேசச் சான்றிதழே கிடைத்தது. இந்தியாவில் அதுதான் முதல்.

இதைப் பெருமையாகச் சொன்னேன். பெரியப்பா முகம் வாடிவிட்டது.

"ஒன் மொத வருசப் பீஸுக்கு அவசரமாப் பணம் வேண்டியிருந்துச்சு. பொடி மட்டியையும் சேத்து அள்ளிட்டேம்ல…"

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் அள்ளியது எனக்காக அல்லவா! என் டிப்ளமோவில் அந்தக் காயலுக்குக் கடன் இருக்கிறது. வரும் லீவில், பொடி மட்டி தண்ணீரிலேயே திரும்ப விழுகிற மாதிரி ஒரு சல்லடை செய்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். டிராயிங் ரெடி. வெல்டிங் தெரிந்த நண்பர்கள் கை கொடுங்களேன்!