சுண்டை வேரில் கத்தரி

வாடல் விழுந்த கத்தரிச் செடி முதலில் ஏமாற்றும். மதிய வெயிலில் இலை தொங்கும், அந்தியில் நிமிர்ந்துவிடும். தண்ணீர் பத்தவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு குவளை ஊற்றுவோம். நாலைந்து நாளில் மஞ்சள்கூடத் தட்டாமல், பச்சையாக நின்றபடியே செத்துப்போகும். ஈசூனில் வீவக புளோக்குகளுக்கு நடுவே உள்ள ஒரு சமூகத் தோட்டத்தில், அப்படிச் செத்த செடியை வேரோடு பிடுங்கி என் முன்னால் வைத்தார் ஒரு சீன முதியவர். அடித்தண்டைக் குறுக்கே வெட்டினார். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் மட்டும் முங்கும்படி தண்டைப் பிடித்துக்கொண்டார். சில நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் மெல்லிய இழை ஒன்று நேராகக் கீழே இறங்கியது. பக்கத்தில் இன்னொன்று.

“பார்த்தீங்களா? இது வந்தா பாக்டீரியா. வரலைன்னா வேற ஏதோ,” என்று எனக்குத் தமிழில் சொன்னது அவரில்லை, அருகில் மண்வெட்டியோடு நின்ற ஆன்ட்டி. எழுபதைத் தாண்டியவர், செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். டம்ளர் சோதனையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்தான் இந்த முதியவர். இருவருக்கும் பொது மொழி பாசார் மலாய். சோதனை செய்தவர் பேசவேயில்லை. இழை இறங்குவதை நான் பார்த்துவிட்டேனா என்பதை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார்.

இந்த நோய்க்கு மருந்தில்லை. ரால்ஸ்டோனியா என்ற அந்தக் கிருமி மண்ணிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். வேர்க் காயம் வழியே ஏறி நீர்க்குழாய்களை அடைத்துவிடும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் அடிக்கும். ஆண்டு முழுவதும் சூடும், ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழையும் உள்ள இந்தத் தீவு அதற்குத் தோதான இடம். செடியைப் பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். உரக்குழியில் போட்டால் நாமே நோயைப் பாத்திக்குப் பாத்தி பரப்பியவர்கள் ஆவோம். தோட்டத்துக்குப் புதிதாக வருகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான். எந்த விதைப் பொட்டலத்தின் முதுகிலும் இதை நான் பார்த்ததில்லை.

சிங்கப்பூரில் 1960களில் ஏறத்தாழ 20,000 பண்ணைகள் இருந்தன என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். டம்ளர் பிடித்த முதியவர் பொங்கோலில் பன்றியும் கீரையும் வளர்த்த குடும்பத்தில் பிறந்தவர். 1984இல் பன்றி வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அரசு அறிவித்தது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த வாழ்க்கை முடிந்தது. குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கு வந்தன. நிலம் போனது, கை மட்டும் மறக்கவில்லை. 2005இல் தேசியப் பூங்காக் கழகம் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தைத் தொடங்கி, மேஃபேர் பார்க் குடியிருப்பில் முதல் சமூகத் தோட்டத்தைத் திறந்தபோது, அந்தக் கைகளுக்கு மறுபடி மண் கிடைத்தது. இன்று ஏறத்தாழ 2,000 தோட்டங்கள். பள்ளி, மருத்துவமனை, புளோக் அடிவாரம் என்று எங்கும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில், 2020இல், லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கீரை, காய்கறி விதைகள் இலவசமாக அனுப்பப்பட்டன. முளைத்த பிறகு என்ன செய்வது என்று கேட்க ஆள் வேண்டுமே. அந்த ஆள் பெரும்பாலும் பக்கத்துப் பாத்திக்காரர்தான்.

ஒட்டுக் கட்டும் வித்தை இந்தத் தோட்டத்துக்கு வந்ததோ வேலிக்கு வெளியிலிருந்து. புளோக்கைச் சுற்றிப் புல் வெட்டும் ஒப்பந்த நிறுவனத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். மெஷினை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் வேலியோரம் நின்று கத்தரியைப் பார்ப்பாராம்.

“ஒரு நாள், ‘அம்மா, வருசா வருசம் இப்படிச் சாகக் குடுக்கறதுக்குச் சுண்டையில ஒட்டுக் கட்டலாமே’ன்னுச்சு தம்பி. நர்சரிக்காரங்க செய்ற வேலையில்ல அதுன்னேன். ‘கை நடுங்காம இருந்தா யாரும் செய்யலாம்மா’ன்னுச்சு,” என்றார் ஆன்ட்டி.

சுண்டைக்காய்ச் செடியின் வேர் இந்த வாடலைத் தாங்கும். தமிழ்நாட்டில் சுண்டை வேரில் ஒட்டிய கத்தரி நாற்றைப் பணம் கொடுத்து வாங்கி நடுகிறார்கள். இங்கே அது கிடைக்காது, நாமே கட்ட வேண்டும். முதல் சிக்கல் விதை. தேக்காவில், பஃப்ளோ ரோட்டுக் கடைகளில் சுண்டைக்காய் வாங்கலாம்தான், ஆனால் குழம்புக்கான பிஞ்சு அது, விதை முற்றியிருக்காது. பழுத்துக் குழைந்த காய் வேண்டும். அதைக் கொண்டுவந்தவர் பக்கத்துப் பாத்தி மலாய் அம்மையார்; மாக்சிக் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். சாலையோரப் புதரில் குருவி எச்சத்தில் முளைத்த சுண்டை எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் போன ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு விடுமுறை. தோட்டத்து மேசையில் இரண்டு வரிசைத் தொட்டிகள். சுண்டை மெதுவாக வளரும், அதனால் கத்தரிக்கு மூன்று வாரம் முன்பே விதைத்துவிட வேண்டும். அப்போதுதான் இரண்டின் தண்டும் ஒரே பருமனுக்கு வரும். சவரப் பிளேடைத் தீயில் காட்டினார். சுண்டை நாற்றை மண்ணிலிருந்து இரண்டு விரற்கடை மேலே மொட்டையாக வெட்டி, தண்டின் நடுவில் ஒரு சென்டிமீட்டருக்குக் கீறினார். கத்தரிக் கொழுந்தில் பெரிய இலைகளைக் கிள்ளிவிட்டு, அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பாக்கினார். ஆப்பு கீறலுக்குள் இறங்கியது. ஒரு பக்கமாவது தோலும் தோலும் சேர்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பானம் குடிக்கும் உறிஞ்சுகுழலைத் துண்டாக்கி, நெடுகக் கீறி, கவ்வியாக மாட்டினார். எண்ணி ஒரு நிமிடம் ஆகியிருக்காது. பிறகு பாலித்தீன் பை மூடி, நிழலில் ஒரு வாரம். அதற்குப் பிறகு பையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும், சட்டென்று எடுத்தால் போச்சு.

“நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேல இருக்கணும்மா. கத்தரித் தண்டு மண்ணைத் தொட்டு வேர் விட்டுச்சுன்னா பழைய கதைதான். கீழேருந்து முள்ளோட சுண்டைக் கிளை வரும், வரவர ஒடிச்சிடுங்க.”

மாக்சிக்கின் பேரன், தொடக்கக் கல்லூரி மாணவன், அடுத்த நாற்றை எடுத்தான். ஆப்பு ஒரு பக்கம் கோணல். தம்பி ஒன்றும் சொல்லாமல் தன்னுடைய ஆப்பையும் அவனுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவன் மறுபடி சீவினான். இருவருக்கும் இடையே சில ஆங்கிலச் சொற்கள் மட்டுமே ஓடின. அரைமணி நேரத்துக்குள் அவன் சீவல் நேராகிவிட்டது.

இப்படிக் கற்பதற்கு நம் பக்கத்து நாட்டில் ஒரு பெரிய வரலாறு உண்டு. இந்தோனேசியாவில் புகையான் பூச்சி நெல்லை அழித்தபோது, மருந்து கூடக்கூடப் பூச்சியும் கூடியது. 1986இல் அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்தது. 1989இல் ஐநாவின் உணவு, வேளாண் அமைப்பு அங்கே வயல்வெளிப் பள்ளிகளைத் தொடங்கியது. இருபத்தைந்து முப்பது உழவர்கள் வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, எது தீமை செய்யும் பூச்சி, எது அதைத் தின்னும் பூச்சி என்று தாங்களே பார்த்து வரைந்து, ஒருவருக்கொருவர் விளக்கினார்கள். பின்னர் அது பல நாடுகளுக்குப் பரவியது, தமிழ்நாட்டுக்கும் வந்தது. ஈசூன் டம்ளரில் நான் கண்டது அதே முறைதான்: கேள்வியைச் செடியிடமே கேட்பது, பதிலைக் கூட நிற்பவர் பார்க்கும்படி செய்வது.

விதையைப் பகிர்வதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு. பாரம்பரிய நெல்லை மீட்ட நெல் ஜெயராமன் தம்பியின் ஊர்ப்பக்கத்து ஆள்தான். ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில், பாரம்பரிய நெல் விதை இரண்டு கிலோ வாங்கிப்போகிறவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018இல் அவர் மறைந்தார். அவரால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ரகங்கள் வயலுக்குத் திரும்பின. தம்பியின் அப்பா அந்தத் திருவிழாவில் விதை வாங்கியவர். அந்த நினைப்பில்தான் இந்தத் தோட்டத்திலும் ஓர் ஏற்பாடு சொல்லியிருக்கிறார்: ஒட்டுக் கத்தரி ஒன்று வாங்குபவர் அடுத்த போகத்துக்கு இரண்டு சுண்டை நாற்று வளர்த்துத் தர வேண்டும்.

பெரிய பண்ணைகள் பற்றிய கணக்கு எல்லோருக்கும் தெரியும். நாட்டின் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை 2030க்குள் இங்கேயே விளைவிப்பது என்று 2019இல் இலக்கு வைத்தார்கள். 2025இல் அதை விட்டு, 2035க்கு வேறு இலக்குகள் வைத்தார்கள். மாடி அடுக்குப் பண்ணைகள் சில மூடப்பட்டன. ஈசூன் தோட்டத்தின் விளைச்சல் எந்தக் கணக்கிலும் ஏறாது. உறுப்பினர் வீடுகளுக்கு ஒரு வாரக் குழம்புக்குக்கூட வராது. ஆனாலும் இறக்குமதி நின்றுபோகும் ஒரு நாளில் இந்தத் தீவுக்கு முதலில் தேவைப்படுவது, வாடிய செடியைப் பார்த்து என்ன நோய் என்று சொல்லத் தெரிந்த கண்கள். அவை இப்படிப்பட்ட தோட்டங்களில்தான் உருவாகின்றன. அதனால் இவற்றைப் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். பல சமூகத் தோட்டங்களுக்கு வேலியும் பூட்டும் உண்டு. காய் திருடுபோகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் புல் வெட்டும் தம்பி வேலிக்கு வெளியேதான் மாதக்கணக்கில் நின்றிருக்கிறார். ஆன்ட்டி அவரை உள்ளே கூப்பிட்டிராவிட்டால் கத்தரி இன்னும் செத்துக்கொண்டிருக்கும். ஞாயிறுதோறும் சிராங்கூன் ரோட்டிலும் ரேஸ் கோர்ஸ் ரோட்டிலும் கூடும் ஆயிரக்கணக்கான நம் ஊழியர்களில் எத்தனை பேர் நாற்றங்காலில் வளர்ந்தவர்கள்! தேக்காவில் நான் பேசிய கீரைக்கடைக்காரர், பொன்னாங்கண்ணிக் கட்டை வாங்குகிறவர்களிடம், தழையைக் கிள்ளிவிட்டுத் தண்டை நட்டு வையுங்கள் என்று தானே சொல்லி அனுப்புகிறார், தன் வியாபாரம் குறையும் என்று தெரிந்தும். அந்த மனம் தோட்டங்களின் பூட்டுக்கும் வர வேண்டும்.

பாத்தி வாடகைத் தோட்டங்களிலும் ஒரு மாற்றம் தேவை. பூங்காக்களில் இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் தனியாருக்குக் கிடைக்கும் பாத்திகளுக்குக் குத்தகை மூன்றாண்டு. கிருமிக்கு அந்தக் கணக்கு தெரியாது. விட்டுப்போகிறவர் அங்கே என்ன செத்தது, எதை மாற்றி நட்டார் என்று புதிதாக வருகிறவரிடம் சொல்லிவிட்டுப் போக ஒரு வழி இருக்க வேண்டும். ஈசூனில் கருவிக் கொட்டகைக் கதவில் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டித் தொங்குகிறது. எந்தப் பாத்தியில் எந்த மாதம் வாடல் வந்தது என்று அவரவர் மொழியில் எழுதியிருக்கிறார்கள். புரியாதவர்களுக்காகப் பாத்தியின் படமும் போட்டிருக்கிறார்கள்.

தம்பியின் வேலை அனுமதி புதுப்பிக்கப்படுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. அன்று கட்டிய ஒட்டுகளில் அவருடையவை பெரும்பாலும் பிடித்துவிட்டன, பேரன் கட்டியவற்றில் பாதிக்கு மேல் கருகிவிட்டன என்று ஆன்ட்டி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். அவன் மறுபடி சுண்டை விதைத்திருக்கிறானாம், இந்த முறை மூன்று தட்டு.